எதனோடு ஒப்பிட்டு? – வாசகர் கேள்வி பதில்

அரசின் வரி, செலவு, மானியம் ஆகியவை குறித்த ஆய்வுகள் சாதாரண வாசகரையும் அதிகாரிகளையும் சென்றடைகின்றனவா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, பொருளியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று உதகையில் வசிக்கும் நம் பத்தியாளர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி: நான் ஊராட்சி மன்ற உறுப்பினராக இருந்தபோது குடிநீர், சாலை, நூறு நாள் வேலை பற்றிய ஆய்வறிக்கைகள் அவ்வப்போது கைக்கு வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் இருப்பவையும் புரிந்ததில்லை. எங்களைப் போன்றவர்கள் ஓர் அறிக்கையில் முதலில் எதைப் பார்க்க வேண்டும், ஐயா?
– முன்னாள் ஊராட்சி மன்ற உறுப்பினர், கோத்தகிரி வட்டம்

பதில்: 'எதனோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறார்கள்?' என்ற ஒரு கேள்விக்கு அறிக்கையில் விடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அரசின் ஒரு திட்டத்தால் என்ன விளைந்தது என்பதை அறிய, அந்தத் திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது தெரிய வேண்டும். அதைக் கண்ணால் காண முடியாது. வேறொன்றோடு ஒப்பிட்டுத்தான் ஊகிக்க முடியும். பொது நிதி ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

நீங்கள் குறிப்பிட்ட நூறு நாள் வேலையையே எடுத்துக்கொள்வோம். அத்திட்டம் வந்தபின் கூலி உயர்ந்தது என்று ஓர் அறிக்கை சொன்னால் அதில் பாதிச் செய்திதான் இருக்கிறது, ஏனெனில் திட்டம் வராமல் இருந்தாலும் கூலி ஓரளவு உயர்ந்தே இருக்கும். ஆனால் நாடு முழுவதற்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களிலும், அடுத்த ஆண்டு மேலும் 130 மாவட்டங்களிலும், 2008 ஏப்ரலில் எஞ்சியவற்றிலும் நடைமுறைக்கு வந்தது. பழனி மலை அடங்கிய திண்டுக்கல் மாவட்டம் முதல் பட்டியலில் இருந்தது. நம் நீலகிரிக்கு 2008இல்தான் வந்தது. முன்னே பெற்ற மாவட்டங்களையும் பின்னே பெற்ற மாவட்டங்களையும் அந்த இடைக்காலத்தில் ஒப்பிட்டுத்தான், திட்டத்தால் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். பின்தங்கிய மாவட்டங்களே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டதால் அந்த ஒப்பீட்டிலும் ஒரு குறை உண்டு. நேர்மையான அறிக்கை அதையும் சொல்லிவிடும். இவ்வளவையும் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதலாம். ஆனால், எளிமைப்படுத்துகிறோம் என்று தொடங்குபவர்கள் இந்த அரைப் பக்கத்தைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். அதன்பின் உங்கள் கைக்கு வருவது நம்பவும் மறுக்கவும் வழியில்லாத ஒரு வெற்று எண்.

கேள்வி: அங்கன்வாடிகளில் கூடுதலாக ஒரு பணியாளரை நியமித்தால் குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று தமிழ்நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்ததாக ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். எங்கள் வேலையைப் பற்றிய ஆய்வு எங்களுக்கே தெரியாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. அதில் என்னதான் சொல்லியிருக்கிறார்கள்?
– அங்கன்வாடிப் பணியாளர், கூடலூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, அம்மா. அலெஹான்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் ஆகிய மூவர் செய்த ஆய்வு அது. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரை நாள் வேலை செய்யும் ஒரு கூடுதல் பணியாளரை அளித்தார்கள். அவருடைய பொறுப்பு முன்பருவக் கல்வி. குலுக்கல் என்பதால், கிடைத்த மையங்களும் கிடைக்காத மையங்களும் தொடக்கத்தில் சராசரியாக ஒரே தரத்தில்தான் இருந்தன. எனவே பின்னால் தெரிந்த வேறுபாட்டை அந்தப் பணியாளரின் கணக்கில் எழுதலாம்.

மையங்களில் கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, மையத்தில் தொடர்ந்து படித்த குழந்தைகளின் கணக்குத் திறன் 0.29 திட்ட விலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கான அளவு இது) மொழித் திறன் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்திருந்தன. வயதுக்கேற்ற உயரம் இல்லாமையும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைவாகக் காணப்பட்டன. பாடம் நடத்தும் பொறுப்பை இன்னொருவர் ஏற்றுக்கொண்டதால் உங்களைப் போன்ற மூத்த பணியாளர்களுக்கு எடை பார்க்கவும் தாய்மார்களோடு பேசவும் நேரம் கிடைத்தது என்பதை நீங்களே எளிதில் உணர்வீர்கள்.

'0.29 திட்ட விலக்கம்' என்று எழுதினால் ஆய்வாளர்களுக்குப் போதும், மற்றவர்களுக்குப் போதாது. நூறு குழந்தைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்துங்கள். கீழிருந்து ஐம்பதாவது இடத்தில், அதாவது சரியாக நடுவில் நிற்கும் ஒரு குழந்தை, கூடுதல் பணியாளர் இருந்தால் கணக்கில் ஏறத்தாழ 61ஆவது இடத்துக்கும் மொழியில் ஏறத்தாழ 68ஆவது இடத்துக்கும் முன்னேறும். இப்படிச் சொல்வதில் துல்லியம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஒன்றரை ஆண்டில், அரை நாள் ஊதியச் செலவில் கிடைத்த முன்னேற்றம் இது. பயன் செலவைவிடக் கணிசமாக அதிகம் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு.

'தொடர்ந்து படித்த குழந்தைகள்' என்ற நிபந்தனையை மட்டும் யாரும் உதிர்த்துவிடக் கூடாது. கூடலூர்ப் பகுதியில் அது மிகவும் முக்கியம். பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரின் குடியிருப்புகளில் வீட்டில் பேசும் மொழி வேறு. மழைக்காலத்தில் யானை நடமாட்டத்தால் குழந்தைகள் மையத்துக்கு வர முடியாத நாட்களும் உண்டு. அங்கே இதே அளவு பயன் கிடைக்குமா என்பது தனியாக ஆராயப்பட வேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியைத் துறைக் கூட்டத்தில் எழுப்புவதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

கேள்வி: மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் தருகிறார்களே, இது வரியா, அபராதமா? பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டால் திட்டம் வெற்றி என்று கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: இரண்டும் இல்லை, இது ஒரு வைப்புத்தொகை. ஒருவர் செய்யும் செயலின் தீங்கு, விலையில் சேராமல் மற்றவர்கள் தலையில் விழும்போது அந்தத் தீங்கின் அளவுக்கு வரி விதிக்கலாம் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் பிகு 1920இல் எழுதினார். ஆனால் காட்டோரத்தில் பாட்டிலை வீசுபவர் யார் என்று கண்டுபிடித்து வரி வசூலிக்க எந்த அரசாலும் முடியாது. அதனால் எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கிவிட்டு, வீசாதவருக்குத் திருப்பித் தருகிறார்கள். வீசியவர் தானாகவே தண்டம் செலுத்தியவர் ஆகிறார். அவர் வீசியதை எடுத்து வரும் ஏழைக்கு அந்தப் பத்து ரூபாய் போய்ச் சேருகிறது. உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்ற கவலையிலிருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டலில், 2022 மே மாதம் இத்திட்டம் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் சென்றது.

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு அதிகம் பிடித்தது. நூறில் இத்தனை பாட்டில்கள் திரும்பி வந்தன என்பது மட்டும் வெற்றியின் அளவாகாது. திட்டம் வருவதற்கு முன்பும் ஒரு பகுதி பாட்டில்கள் பழைய பொருள் வாங்கும் கடைகளுக்குச் சென்றுகொண்டுதான் இருந்தன. அவை இப்போது மதுக்கடைக்குத் திரும்பினால் காட்டுக்கு அதனால் லாபம் இல்லை. கல்லட்டிப் பாதையில் குறிப்பிட்ட தொலைவுக்குள் முன்பு எத்தனை உடைந்த பாட்டில்கள் கிடந்தன, இப்போது எத்தனை கிடக்கின்றன என்று எண்ணினால்தான் உண்மை தெரியும். அப்படி எண்ணும் வேலையை உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே செய்யலாம்.

கேள்வி: பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தால் மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று படித்தேன். கேத்திப் பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு அவ்வளவு மிச்சமாகவில்லை. கணக்கு தவறா?
– பெண் வாசகர், கேத்தி

பதில்: கணக்கு தவறில்லை, அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை. மாநிலத் திட்டக் குழு அந்த ஆய்வைச் சமவெளி மாவட்டங்களில் நடத்தியபோது, மலைப்பகுதிப் பேருந்துகளுக்கு இத்திட்டம் வந்திருக்கவில்லை. 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில்தான் உதகை, கொடைக்கானல், வால்பாறை போன்ற பகுதிகளுக்கு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. மேலும் 888 என்பது சராசரி. நாள்தோறும் இரு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவருக்கு அதைவிட அதிகமாகவும், வாரத்தில் இரு நாள் போகிறவருக்கு மிகக் குறைவாகவும் இருக்கும்.

பணத்தில் அடங்காத ஒன்றும் இங்கே உண்டு. கட்டணத்துக்கு அஞ்சி முன்பு போகாமலே இருந்த ஒரு பெண் இப்போது உதகை அரசு மருத்துவமனைக்குப் போய் வருகிறார் என்றால், அவருக்கு மிச்சமான தொகை ஒன்றுமில்லை. கிடைத்தது அந்தப் பயணம். மிச்சத்தை மட்டும் கணக்கிடும் ஆய்வில் அவர் பயனே பெறாதவராகத் தோன்றுவார். இத்திட்டத்தைப் பற்றி எழுதும் ஒவ்வோர் ஆய்வாளரும் புதிய பயணங்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி: கோடைக்காலத்தில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்ததால் எங்கள் தொழில் பாதிக்கப்பட்டது. நெரிசலைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டணம் வைக்கலாமே? பொருளியலாளர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?
– தங்கும் விடுதி உரிமையாளர், உதகை

பதில்: நிறையச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் நம் மலையில் யாரும் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை. வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி பெறும் இ-பாஸ் முறை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் சொல்லும் வரம்பு 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு அது 4,000, 6,000 என்று இருந்தது.

எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதா, விலை வைப்பதா என்ற கேள்வியை அமெரிக்கப் பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் 1974இல் ஒரு கட்டுரையில் தெளிவாக்கினார். அதன் சாரத்தைப் பர்லியாறு சோதனைச் சாவடியில் நின்றே விளக்கலாம். ஒரு மே மாத ஞாயிறு எத்தனை பேர் வருவார்கள் என்பதோ, எவ்வளவு கட்டணம் வைத்தால் எத்தனை பேர் திரும்பிப் போவார்கள் என்பதோ அரசுக்கு முன்கூட்டித் தெரியாது. கட்டணம் வைத்தால் விலை உறுதி, வண்டிகளின் எண்ணிக்கை உறுதியில்லை. வரம்பு வைத்தால் எண்ணிக்கை உறுதி, அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்படும் இழப்பு எவ்வளவு என்பது உறுதியில்லை. ஆகவே எந்தத் தவறு அதிகக் கேடு விளைவிக்கும் என்று பார்க்க வேண்டும். ஓர் அளவைத் தாண்டியதும் தீங்கு திடீரென்று பெருகுமானால், எடுத்துக்காட்டாகக் குன்னூர்ச் சாலையில் ஆம்புலன்ஸ் நகர முடியாத நிலை ஏற்படுமானால், வரம்பே பாதுகாப்பு. தீங்கு வண்டிக்கு வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது, ஆனால் வருகையைக் கட்டுப்படுத்துவதால் வரும் இழப்பு கடுமையாகப் பெருகுகிறது என்றால் கட்டணமே நல்லது. மலையின் தாங்குதிறனைக் கண்டறியும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் அளிக்கப்பட்டதன் பொருத்தம் இங்கேதான் இருக்கிறது: நாம் எந்த வகை மலையில் வாழ்கிறோம் என்பதை அந்த ஆய்வு சொல்ல வேண்டும். அது வெளிவரும்போது தமிழிலும் வர வேண்டும் என்று உங்கள் சங்கம் இப்போதே கேட்க வேண்டும்.

கட்டணம் வைத்த ஊர்களின் அனுபவமும் உண்டு. சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நெரிசல் கட்டணத்தைச் சோதனையாக வைத்துப் பார்த்தார்கள். நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனைக்கு முன் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பயனைக் கண்டபின் கருத்து மாறி, செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் சிறிய பெரும்பான்மையில் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. அச்சிட்ட அறிக்கையால் நம்ப வைக்க முடியாததை ஏழு மாதச் சோதனை நம்ப வைத்தது. ஆனால் ஸ்டாக்ஹோமில் வண்டியை விட்டவர்களுக்கு ஏறிச் செல்ல ரயிலும் பேருந்தும் இருந்தன. கட்டணம் வைக்கும் முன்பே பேருந்துகளைக் கூட்டினார்கள். மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வருவோருக்குப் போதுமான பேருந்து இல்லாத நிலையில் கட்டணம் மட்டும் வைத்தால், வசதியுள்ளவர் தயங்காமல் வருவார், ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு வரும் சாதாரணத் தொழிலாளி வீட்டிலேயே இருந்துவிடுவார். அந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: இத்தகைய ஆய்வுகளைப் பணம் கட்டாமல் எங்கே படிக்கலாம்?
– நூலக வாசகர், குன்னூர்

பதில்: ஆய்விதழ்கள் கட்டணம் கேட்டாலும், அதே கட்டுரையின் முன்வடிவை ஆய்வாளர்கள் தங்கள் இணையப் பக்கத்தில் பெரும்பாலும் இலவசமாக வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை நிதித்துறை இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. மாநிலங்களின் நிதிநிலையை ஒப்பிட்டு ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் ஆய்வும் இலவசமே.

கேள்வி: ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2.63 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது என்று அரசு சொன்னபோது என் தாயார் மிகவும் பயந்துவிட்டார். அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?
– பள்ளி ஆசிரியை, அருவங்காடு

பதில்: 2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் உள்ள எண் அது: துல்லியமாக 2,63,976 ரூபாய். மாநிலத்தின் கடனான சுமார் 5.70 லட்சம் கோடி ரூபாயை 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்தால் அது கிடைக்கும். வகுத்தல் சரி. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் தம் குடும்பத்தின் பங்கைச் செலுத்தக் காசோலையுடன் அரசு அலுவலகத்துக்கே சென்றதாகவும் அப்போது செய்தி வந்தது.

அறிக்கையைத் தமிழிலும் வெளியிட்டு மாநில நிதியைப் பற்றி வீடுதோறும் பேச வைத்தது பெரிய பணி. அதை நான் மதிக்கிறேன். ஆனால் மற்ற விளக்கங்களை விட்டுவிட்டு அந்த ஓர் எண் மட்டும் தனியாகப் பயணம் செய்தது. அரசின் கடன் குடும்பங்களுக்குச் சமமாகப் பிரிக்கப்படுவதில்லை. வருங்கால வரிகளிலிருந்து அது அடைக்கப்படும்; அந்த வரியில் உங்கள் தாயாரின் பங்கும் ஒரு பெரும் தொழிலதிபரின் பங்கும் ஒன்றல்ல. அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அடக்கம். அவற்றில் இருப்பது மக்களின் சேமிப்பு. கடன் தாங்கக்கூடியதா என்று அறிய, மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி மதிப்போடு அதை ஒப்பிட வேண்டும். வாங்கிய கடன் அணைக்கும் மின்நிலையத்துக்கும் போனதா, அன்றாடச் செலவுக்குப் போனதா என்பதையும் பார்க்க வேண்டும். வருவாய்ச் செலவு எனப்படும் அந்த அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க நேர்ந்ததுதான் அந்த அறிக்கையின் உண்மையான கவலை. உங்கள் தாயாரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் தனியாக எதையும் கட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: பசுந்தேயிலைக்கு அரசு தரும் மானியம் உண்மையில் சிறு விவசாயிக்குச் சேருகிறதா, தொழிற்சாலைக்குச் சேருகிறதா என்று முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். முடிவுகளை அதிகாரிகளும் விவசாயிகளும் படிக்கும்படி எழுதுவது எப்படி?
– ஆய்வு மாணவி, கோத்தகிரி

பதில்: நல்ல தலைப்பு. மானியம் யார் பெயரில் வருகிறது என்பதும் யார் கையில் நிற்கிறது என்பதும் வெவ்வேறு என்பது பொது நிதியியலின் பழைய பாடம், ஆனால் தேயிலைத் தோட்டத்தில் அது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. பறித்த இலையை வைத்திருக்க முடியாது. சில மணி நேரத்துக்குள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் பல தொழிற்சாலைகள் போட்டியிட்டு வாங்கினால் மானியம் பெரும்பாலும் விவசாயியிடமே தங்கும். எட்டும் தொலைவில் ஒன்றோ இரண்டோதான் இருக்கின்றன என்றால், மானியம் வந்த அளவுக்கு இலையின் விலையைக் குறைத்துக்கொள்ள அவற்றால் முடியும். எனவே மானியத்துக்கு முன்னும் பின்னும் விலையை ஒப்பிடுவதோடு நிற்காமல், தொழிற்சாலைகள் நெருக்கமாக உள்ள ஊர்களையும் தொலைவாக உள்ள ஊர்களையும் பிரித்துக் காட்டுங்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் இலை விலையைப் பக்கத்தில் வைத்தால் விவசாயிக்கு அட்டவணை உடனே விளங்கும்.

அதிகாரிக்கு ஒரு பக்கம் போதும். முதல் வரியில் அவர் எடுக்க வேண்டிய முடிவு எது என்று எழுதுங்கள்: மானியத்தை இப்போதுள்ளபடி தொடர்வதா, நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துவதா, கூட்டுறவுத் தொழிற்சாலை வழியாகத் தருவதா. அடுத்து நீங்கள் கண்டது, அதன் ஒப்பீடு, செலவு, எந்த அளவுக்குத் தவறக்கூடும் என்பது. சூத்திரங்கள் பின்னிணைப்புக்குப் போகட்டும். மாநில நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ தாக்கலாகிறது. துறைகள் தங்கள் கோரிக்கைகளை அதற்குச் சில மாதங்கள் முன்பே தயாரித்துவிடுவதால், உங்கள் பக்கம் தீபாவளிக்கு முன் அவர்கள் மேசையில் இருந்தால் பயன் உண்டு.

விவசாயிகளிடம் அச்சிட்ட நூலோடு போகாதீர்கள், வரைவோடு போங்கள். உங்கள் கேள்விகளுக்குப் பறிப்பு வேலையை நிறுத்திப் பதில் சொன்னவர்கள் அவர்கள். நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் கிராம சபை கூடும். அங்கே அட்டவணையை வாசித்து, தங்கள் ஊர் எண் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இலையை எடை போடும்போது ஈரத்துக்காக எவ்வளவு கழிக்கிறார்கள் என்பது போன்ற விவரங்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்தக் கழிவைச் சேர்க்காமல் விலையை ஒப்பிட்டால் உங்கள் முடிவே மாறிவிடக்கூடும். திருத்திய அட்டவணையின் ஒரு பிரதியை ஊர்த் தலைவரிடமும் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்திடமும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆய்வேட்டைச் சமர்ப்பியுங்கள்.